கேட்டரிங் – 13

வாடிக்கையாளர்கள் உட்காரும் நாற்காலிகளில் அண்ணனும் அண்ணியும் உட்கார்ந்திருந்தார்கள். என் ஆபீஸ் என்பது சமையல் கூடத்தின் ஒரு மூலையைக் கண்ணாடித் தடுப்பு வைத்து மறைத்த இடம்; ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், எதிரே இரண்டு நாற்காலி, அவ்வளவுதான். பதினோரு வருஷத்தில் அண்ணன் இந்த வாசற்படியை மிதித்தது அன்றைக்குத்தான். ருசி பார்ப்பதற்காக நான் வைத்த ஆறு கிண்ணங்களிலும் அண்ணி கரண்டி நுனியை மட்டும் நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். அண்ணன் சுவரில் மாட்டியிருந்த சுகாதார லைசென்ஸைப் படித்துக்கொண்டிருந்தான். அதில் இருப்பது நாலு வரி. கால் மணி நேரம் படித்தான்.

"வெளிய விசாரிச்சோம். தலைக்கு என்னென்னமோ சொல்றாங்க" என்றாள் அண்ணி. "நீ நம்ம ஆளு. பாத்து செய்."

இந்தத் தொழிலில் கொதிக்கிற எண்ணெயைவிட ஆபத்தானது அந்த வார்த்தை. பாத்து செய் என்றால் நன்றாகச் செய் என்றும் அர்த்தம், விலையைக் குறை என்றும் அர்த்தம். சொல்கிறவர்கள் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். வெளியாட்கள் சொன்னால் சிரித்துவைத்துவிட்டு என் விலையையே சொல்வேன். ஆனால் அண்ணி அதற்கு முன்னால் 'நம்ம ஆளு' என்று இன்னொரு வார்த்தையைப் போட்டுவிட்டாள். நான் விழுந்தது அதில்தான்.

புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு நான் அடுப்பைப் பற்றவைத்தபோது, "ஊருக்கெல்லாம் ஆக்கிப் போடற வேலை நமக்கு எதுக்கு" என்று கேட்டவன் அண்ணன். வேறு என்ன வேலை என்று அவன் சொல்லவில்லை. அதன் பிறகு எங்கள் போக்குவரத்து சாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்று சுருங்கிவிட்டது. அவன் ஆபீஸில் யாராவது கேட்டால் தங்கச்சி ஏதோ பிசினஸ் செய்கிறாள் என்பானாம். இப்போது அவனே வந்து மகளின் கல்யாண விருந்தை என் கையில் கொடுக்கிறான். எனக்குப் பணம் பெரிதாகத் தெரியவில்லை. அந்த மண்டபத்தில் நல்ல புடவை கட்டிக்கொண்டு, பெண்ணுக்கு அத்தை என்று சொல்லிக்கொண்டு, ஒரு மேசையில் நானும் உட்கார வேண்டும். வேண்டியது அதுதான். ஐம்பத்திரண்டு வயதில் இப்படி ஒரு ஆசை வெட்கக்கேடுதான். இருந்தது, சொல்கிறேன்.

அவர்கள் போனதும் கணக்குப் போட்டேன். என்னிடம் வருகிற நூறில் நாற்பது பொருளுக்குப் போகும். இருபத்தைந்து கூலி, பத்து வண்டிக்கும் கேஸுக்கும், ஐந்து உடைசலுக்கும் வீணாவதற்கும். மீதி இருபது எனக்கு. அந்த இருபதை எடுத்துவிட்டேன். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். என் சதை ஆடி லாபம் என்ற கட்டத்தில் சைபர் போட்டது. என்னிடம் எட்டு வருஷமாக மேற்பார்வை பார்க்கிற பெண் அதை எட்டிப் பார்த்தாள். உப்பைக்கூட நிறுத்துத்தான் போடுவாள் என்பதால் அவளுக்குத் தராசு என்று பேர். "அக்கா, ஒரு கட்டம் விட்டுப்போச்சு" என்றாள். "விட்டுப்போகல. அது அண்ணன் வீடு" என்றேன். தராசு வெங்காய மூட்டையை நிறுக்கப் போய்விட்டாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னும் மிச்சம் பிடித்துக் கொடுக்கிறேன் என்று அண்ணிக்குப் போன் செய்து, என் தொழிலில் நானே கண்டுபிடித்த ஒரு வித்தையையும் சொல்லிக்கொடுத்தேன். போட்டோக்காரர், டிரைவர், பூ அலங்காரம் செய்கிறவர்கள், பரிமாறுகிறவர்கள் எல்லாரும் விருந்து நாளில் அங்கேதான் சாப்பிடுவார்கள். அவர்களுக்கும் சூப், மீன், கேக் என்று விருந்தாளி தட்டே போனால் முப்பது தட்டு வீண்செலவு. அதனால் ஸ்டாஃப் பிளேட் என்று தனியாக ஒன்று: சோறு, ஒரு துண்டு கோழி, ஒரு காய், அவித்த முட்டை பாதி. விலை மூன்றில் ஒரு பங்கு. பின்பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொள்வார்கள். இதைச் சொன்னதும் எந்த வாடிக்கையாளர் முகமும் மலர்ந்துவிடும். அந்தத் தட்டு யாருக்குப் போகிறது என்று நான் முகம் பார்த்ததில்லை. எண்ணிக்கை மட்டும் பார்ப்பேன்.

"நல்ல யோசனை" என்றாள் அண்ணி. "பத்திரிகை இன்னும் அச்சாகி வரல. வந்ததும் கொண்டாந்து தரோம்."

பத்திரிகை அச்சாகி வந்தது. எப்படித் தெரியும் என்றால், என்னிடம் காய்கறி போடுகிறவர் அண்ணன் தெருவில் குடியிருக்கிறார், அவர் கையில் ஒன்றைப் பார்த்தேன். கெட்டி அட்டை, தங்க எழுத்து. வேலை மும்முரத்தில் இருப்பார்கள், வீட்டு ஆளுக்குக் கடைசியில் கொடுக்கலாம் என்று இருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால், பத்திரிகைக்குப் பதிலாகப் போனில் பட்டியல் வந்தது. நான் எல்லா வாடிக்கையாளரிடமும் வாங்குகிற மாதிரியே பிரித்து அழகாக எழுதியிருந்தாள் அண்ணி. விருந்தாளிகள் 318, மேசைவாரியாகப் பெயரோடு. ஸ்டாஃப் பிளேட் 31. போட்டோ 4, வீடியோ 3, பூ 5, டிரைவர் 6, கேட்டரிங் 13.

மேசைப் பட்டியலில் என் பெயரைத் தேடினேன். முப்பத்திரண்டு மேசை. அண்ணனின் பழைய மேனேஜர் இருந்தார், அண்ணியின் யோகா டீச்சர் இருந்தாள், பெயர் தெரியாததால் 'பல் டாக்டர்' என்றே எழுதப்பட்ட ஒருவரும் இருந்தார். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தேன்.

"அக்கா, இதுல ஒரு பிளேட் ஜாஸ்தியா வருது" என்றாள் தராசு. "நாங்க பன்னெண்டு பேருதான."

விரலை மடக்கி மறுபடி எண்ண ஆரம்பித்தாள். பன்னிரண்டில் விரல் நின்றதும் என் முகத்தைப் பார்த்தாள், சட்டென்று அடுப்பைப் பார்க்கப் போனாள். அங்கே அடுப்பு எதுவும் எரியவில்லை.

அண்ணனுக்குப் போன் செய்தேன். சண்டை போட வேண்டும் என்றுதான் எடுத்தேன்; அவன் குரல் கேட்டதும் பாதி இறங்கிவிட்டது. "ஏண்ணா, நான் எந்த மேசை?" என்றேன், விளையாட்டுப் போல.

"அதெல்லாம் உங்க அண்ணிதான் பாக்குறா" என்றான். பிறகு பிரியமாகவே சொன்னான்: "நீ எப்படியும் நின்னுக்கிட்டுதான இருக்கப்போற. உனக்கு எதுக்கும்மா ஒரு சீட்டு?"

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அவன் உண்மையாகவே எனக்கு நல்லது நினைத்துச் சொன்னான்.

அன்று மாலையே கம்ப்யூட்டரைத் திறந்து, சைபர் இருந்த கட்டத்தில் இருபதைத் திரும்பப் போட்டேன். ஆத்திரம் அடங்காமல் இருபத்தைந்தாக மாற்றினேன். விலை திருத்தம் என்று தலைப்புப் போட்டு அண்ணிக்கு அனுப்பினேன். எனக்கு வேண்டியது ஒரு சண்டை. அண்ணி போன் செய்து கத்துவாள், நம்ம வீட்டுக் கல்யாணத்திலேயே லாபம் பார்க்கிறாயே, நீயெல்லாம் ஒரு தங்கச்சியா என்பாள். அந்த ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும், நானும் பதிமூன்றைப் பற்றிக் கேட்டுவிடுவேன், இரண்டு பேரும் அழுவோம், எப்படியாவது எனக்கு ஒரு நாற்காலி கிடைத்துவிடும். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷத்தில் பணம் வந்துவிட்டது. முன்பணம் பாதிதான் கேட்டிருந்தேன், முழுவதும் வந்திருந்தது. கீழே ஒரு வரி: 'அனுப்பியாச்சு. ரசீது போட்டுடு.'

என் பதினோரு வருஷத் தொழிலில் பேரம் பேசாமல் முழுப் பணம் கட்டிய ஒரே வாடிக்கையாளர் என் அண்ணன்தான். ரசீது போட்டேன்.

பந்திக்கு முந்து என்று சொல்லிவைத்தவன் பந்தி போடுகிறவளைப் பற்றி ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. விருந்தன்று மதியம் நான் கறுப்புச் சட்டையும் தலையில் வலையும் போட்டுக்கொண்டு மண்டபத்தின் பின்னறையில் நின்றேன். நல்ல புடவையை எடுத்துவரவில்லை. எடுத்துவரவில்லை என்று சொல்வதும் பொய், வண்டியின் முன்சீட்டில் பையில் இருந்தது. சமையலில் ஒரு குறை வைக்கவில்லை. கோபத்தை உப்பில் காட்டுகிறவள் இந்தத் தொழிலில் ஒரு மாதம் தாங்க மாட்டாள். மாப்பிள்ளை வீட்டார் சொன்னதைவிட இருபது பேர் அதிகமாக வந்தார்கள். நான் எப்போதும் வைக்கிற உபரியும் தீர்ந்து, மூன்று மணிக்கு விருந்தாளி தட்டில் ஒன்றுகூட மிச்சமில்லை. மணப்பெண் மேடையிலிருந்து ஒரு தரம் கதவுப்பக்கம் பார்த்துக் கையாட்டினாள். என்னைப் பார்த்தா, தண்ணீர் கேட்டா என்று தெரியவில்லை. தண்ணீர் அனுப்பினேன்.

ஸ்டாஃப் ஆட்கள் சாப்பிட்டு எழுந்த நேரத்தில் அண்ணன் பின்னறைக்குள் வந்தான். கோட்டுக்குள் வியர்த்திருந்தது. காலையிலிருந்து பச்சைத்தண்ணிகூடக் குடித்திருக்க மாட்டான் போல, முகம் வெளிறியிருந்தது. காய்கறிப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தான். "ஏதாவது இருந்தா போடும்மா. எல்லாரையும் கவனிச்சதுல நான் சாப்பிடவே இல்ல."

தராசு என்னைப் பார்த்தாள். மூடிவைத்த தட்டு ஒன்றுதான் இருந்தது, பதிமூன்றாவது. குடு என்று தலையசைத்தேன்.

அவசரமாகச் சாப்பிட்டான். சின்ன வயதில் சாப்பிட்ட மாதிரியே, முழங்கையை விரித்து வைத்துக்கொண்டு. பாதியில் நிமிர்ந்து, "இது நம்ம மெனுல இல்லையே?" என்றான்.

"ஸ்டாஃப் பிளேட்" என்றேன்.

"நல்லாத்தான இருக்கு." சிரித்தான். "இதையே எல்லாருக்கும் போட்டிருந்தா பாதிச் செலவு மிச்சமாயிருக்கும்."

அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். தராசு சிரிக்கவில்லை. கடைசி வாயை விழுங்கிவிட்டு, "நீ சாப்டாச்சில்ல?" என்றான். சாப்பிட்டியா என்று கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன். சாப்டாச்சில்ல என்பதற்கு ஒரே பதில்தான் உண்டு.

"ஆச்சு" என்றேன்.

மண்டபத்திலிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். எழுந்தான், தட்டை நீட்டினான், பரிமாறுகிறவர்களிடம் நீட்டுவது போல முகம் பார்க்காமல். என் கையும் தொழில் பழக்கத்தில் தானாக நீண்டு வாங்கிக்கொண்டது. கதவு இரண்டு தரம் ஆடி நின்றது.

தட்டில் சோறு ஒரு பருக்கை மிச்சமில்லை. ஓரத்தில் மட்டும் ஐந்து கேரட் துண்டு, வரிசையாக. அவனுக்கு அது இறங்காது, எப்போதுமே இறங்காது. ஒதுக்கினால் அம்மா அடிப்பாள் என்று, அவள் அந்தப் பக்கம் திரும்பும்போது இப்படித்தான் வரிசையாக என் பக்கம் தள்ளுவான். நான் வாயில் போட்டு மென்றுவிடுவேன். அம்மா திரும்பி, அவனுடைய காலித் தட்டைப் பார்த்து அவன் தலையைத் தடவுவாள்.

தராசு தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு, தட்டுக்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். சோப்பு நுரை விளிம்புவரை ஏறி வந்தது. நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்; ஐந்து துண்டும் எண்ணெய் மினுங்க என் பக்கமாகப் பார்த்திருந்தன.