சணல்பூவும் ஏற்புரையும்

ஞாயிறு பின்னேரம் இரண்டு ஐம்பதுக்கு, மண்டபத்தின் பின்னறையில் நின்றபடியே, மனைவி தாட்சாயினி பிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுத்த பால்தேத்தண்ணியை யசோதரன் ஒரே மூச்சில் குடித்தார். வைக்கோல் வாசம் அடித்தது. ஏனென்று கேட்கவில்லை. தலைக்குள் ஏற்புரை ஓடிக்கொண்டிருந்தது.

பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் அவருக்கு இரண்டு பெயர். ஒன்று, நீதிமன்றத்தில் சத்தியம் செய்து முத்திரை வாங்கிய சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். இருபத்திரண்டு வருடங்களாக ஊராரின் பிறப்பும் இறப்பும் அவருடைய முத்திரையோடுதான் பிரெஞ்சுக்குப் போயின. மற்றது, மைக்கைக் கொடுத்தால் திருப்பித் தராதவர். போன வருடம் ஒரு நூலுக்கு ஆய்வுரை செய்தார். ஆர்ஜொந்தெய்ப் புறநகரிலிருந்து வந்த ஆட்கள் எழும்பிப் போய், சாப்பிட்டு, சாமான் வாங்கித் திரும்பி வந்தபோதும் அவர் முன்னுரையில்தான் நின்றார்.

இன்று அவருடைய சொந்த நூல். முதல் கவிதை நூல். மூன்று வரிக்கு மேற்பட்ட கவிதை அதில் இல்லை. சொற்சிக்கனம் பற்றிய ஏற்புரை நாற்பத்திரண்டு பக்கம். எல்லாரும் பேசி முடிந்தபின் நூலாசிரியர் கடைசியாகப் பேசுவதுதான் ஏற்புரை. யாரும் குறுக்கே வரமுடியாது. அதை ஒரு வரி விடாமல் வாசித்துக் கைதட்டு வாங்க வேண்டும். ஐம்பத்தாறு வயதில் அவருக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை அது.

இதற்கு ஒரு மாதம் முந்தி மாக்சிம் வந்திருந்தான். போதை மிகக் குறைந்த, சட்டம் அனுமதித்த கஞ்சாப்பூ விற்கிற கடைக்காரன். தமிழ் ஆட்கள் வந்து இடுப்பு நோவென்று நாரியைப் பிடித்துக்காட்டுகிறார்களாம், அவனுக்கு விளக்கத் தெரியவில்லையாம். ஒரு துண்டுப்பிரசுரமும் பைக்கற்றில் ஒட்டும் சீட்டும் தமிழில் வேண்டும் என்றான்.

மாக்சிம் தந்த பிரசுரத்தில் இருந்தது இவ்வளவுதான். இண்டிகா வகை: செடி குள்ளம், பருமன். இலை அகலம், கரும்பச்சை. வாசம் மண்வாசம். தலைக்கு ஏறாமல் உடம்பில் இறங்கும். கைகால் கனக்கும், நேரம் நீளும், பசிக்கும், நித்திரை வரும். பாலில் காய்ச்சினால் சாரம் முழுதும் இறங்கும். குள்ளம், பருமன் என்று எழுதியபோது தன்னையே மொழிபெயர்ப்பதுபோல அவருக்கு இருந்தது.

செடியின் பெயர்தான் சிக்கல். கஞ்சா என்று எழுத அவருடைய முத்திரை கூசியது. அகராதியைப் புரட்டினார். அதில் 'சணல்' என்றும் கிடந்தது. பழியை அகராதியின் தலையில் போட்டுவிட்டு, 'சணல்பூ' என்று எழுதினார். அதோடு விட்டிருக்கலாம். மூலத்தில் இல்லாத இரண்டு வரிகளையும் ஓசை நயத்துக்காகச் சேர்த்தார்: 'பதற்றம் தணிக்கும், பேச்சைக் குறைக்கும்.' மாக்சிம் நன்றி சொல்லி, அந்தச் சீட்டு ஒட்டிய ஒரு பைக்கற் கொடுத்தான். அதைக் குசினி அலுமாரித் தட்டில் வைத்தவர் மறந்துபோனார்.

மூன்று மணி விழா நாலு மணிக்குத் தொடங்கியது. வாழ்த்துரை நடக்கும்போது யசோதரனின் கால்கள் நிலத்தில் வேரூன்றின. பிளாஸ்டிக் கதிரைக்குத் தன்மேல் ஒரு பிரியம் இருப்பதாகத் தோன்றியது. சங்கத் தலைவர் பொன்னம்பலம் பேசியதை அவர் கடைசிவரை கேட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக இன்னொருவர் பேச்சைக் கேட்கிறார். நன்றாக இருந்தது. பின்னறையில் ரோல்ஸ் பொரியும் வாசம் அதைவிட நன்றாக இருந்தது.

ஏற்புரைக்குக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்தார். முதலாம் பக்கத்து எழுத்துகளைப் பார்த்தார். உருண்டையாக, நிம்மதியாகப் படுத்திருந்தன. எழுப்ப மனம் வரவில்லை.

ஆனாலும் பேசினார். நாற்பத்திரண்டு பக்கமும், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, உயர்த்த வேண்டிய இடத்தில் குரலை உயர்த்தி. அப்படித்தான் அவருக்குத் தெரிந்தது. முடித்தபோது சனம் எழும்பி நின்று கைதட்டியது. யாரோ விசிலடித்தார்கள். ஊருக்குக் கடைசியில் விளங்கிவிட்டது என்று நினைத்தார்.

நாலாவது ரோல்ஸைக் கடிக்கும்போதுதான் மனைவியிடம் கேட்டார்.

"தாட்சா, எவ்வளவு நேரம் பேசினனான்?"

"ஒரு நிமிசம் வராது."

"பகிடி விடாதையும்."

"ஆர் பகிடி விட்டது? மூண்டு வசனம் சொன்னனீங்கள். வந்தவைக்கு நன்றி. கவிதையள் சின்னன். ரோல்ஸ் ஆறப்போகுது."

பின்னேரம் குடித்ததில் அடித்த வைக்கோல் வாசம் நினைவுக்கு வந்தது.

"தேத்தண்ணிக்குள்ள என்ன போட்டனீர்?"

"உங்கட சணல்பூதான். பாலில காய்ச்சச் சொல்லி நீங்கள்தானே எழுதினனீங்கள்? மூண்டு கரண்டி."

"ஐயோ, அது சணல் இல்லையப்பா!"

"பின்னை என்ன? வயலுக்கு விதைச்சு, பூத்தாப்பிறகு பசளையா உழுது மண்ணுக்குள்ள தாக்கிற சணல்தானே. மாடும் தின்னும்."

"அதின்ர பூ மஞ்சளெல்லே?"

"காஞ்சால் எந்தப் பூ மஞ்சளாக் கிடக்கும்? நாலு நாளா நித்திரையில்லாமல் புலம்பினீங்கள். ஒரு கரண்டி பதற்றத்துக்கு."

"மற்ற ரெண்டும்?"

"அதுக்கு அடுத்த வரிக்கு, பேச்சுக்கு."

யசோதரன் வாயைத் திறந்தார். சரியான சொல் மூன்றே எழுத்துத்தான். சொன்னால் சத்தியப்பிரமாணம் போய்விடும். கூடவே, இன்றைய கைதட்டு அவருக்கா, பூவுக்கா என்ற கேள்வியும் வரும். பசித்தது. திறந்த வாய்க்குள் ஐந்தாவது ரோல்ஸை வைத்தார்.

பொன்னம்பலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து அவருடைய கையைப் பிடித்தார்.

"தம்பி, இருவது வருசமா உம்மைக் கேக்கிறன். இண்டைக்குத்தான் கண் கலங்கினது. அடுத்த மாதம் எபினேயில எங்கட ஆண்டுவிழா. நீர்தான் சிறப்புப் பேச்சாளர். ஆனால் இண்டைக்குப் பேசின மாதிரியே பேசவேணும், ஒரு சொல்லும் கூடப்படாது. உம்மால ஏலுந்தானே?"