எழுத்தாளர் காணொளி வழியே

“நாற்காலிய வாசலப் பாத்துப் போடாதீங்கம்மா. புதுசா ஒரு ஆள் உள்ள வந்தா எல்லாக் கண்ணும் அங்க போயிடும். முதுகு வாசலுக்கு இருக்கட்டும், முகம் சமையல் புத்தக அலமாரிப் பக்கம் இருக்கட்டும்.”

மேப் டீச்சர் போனில் இப்படிச் சொன்னபோது அந்தப் புத்தகக் கடை, ரயிலில் அரைப் பகல் தூரத்தில் இருந்தது. அதன் படியை அவர் மிதித்ததே இல்லை. ஆனால் கல்லாவுக்கு மேலே ஓடும் ஃபேன் கடகடக்கும் என்பதும், அதை நிறுத்தினால் முன்வரிசை வியர்த்து எழுந்து போய்விடும் என்பதும், மாலையில் எதிர்ப் பக்கம் பள்ளிக்கூட வேன்கள் நின்று ஹாரன் அடிக்கும் என்பதும் அவருக்கு அத்துப்படி. கடைக்காரம்மா போனைக் கையில் பிடித்தபடி கடையைச் சுற்றி நடந்து காட்டியிருந்தார்.

“டீச்சர், இந்தக் கடைய நான் நடத்துறேனா, நீங்க நடத்துறீங்களான்னு எனக்கே சந்தேகமா இருக்கு” என்று சிரித்தார் கடைக்காரம்மா.

பூகோளம் நடத்தியதால் மேப் டீச்சர் என்று பெயர். சுவரில் தொங்கிய உலகப் படத்தில் குச்சியை வைத்து எரிமலையையும் பாலைவனத்தையும் காட்டியே காலத்தை ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாவல் எழுதினார். நில அளவைக்காரி ஒருத்தி அளவுச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு காடு மேடெல்லாம் அலைகிற கதை. பதிப்பாளர் படித்துவிட்டு, “புத்தகம் நல்லா இருக்கு. ஆனா அழுத பிள்ளைக்குத்தான் பால். நீங்க கடை கடையா போய் நாலு பேர்கிட்ட பேசினாத்தான் நகரும்” என்றார். டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றே பெட்டியைத் தட்டித் துடைத்தார்.

பெட்டியோடு வாசலில் இறங்கிய அன்றுதான் மீட்டர்காரருக்கு நெஞ்சு அடைத்தது.

மீட்டர்காரர் டீச்சரின் கணவர். மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தவர். ஏற்கெனவே ஓர் இதய அறுவை சிகிச்சை முடிந்து, எல்லாம் நன்றாகத்தான் தேறியிருந்தார். இருந்தாலும் பழைய தொழில் விடுமா? பிறத்தியார் வீட்டு மீட்டரை விட்டுவிட்டுத் தன் நாடியைப் பிடித்துப் பார்ப்பதே வேலையாக இருந்தார். அன்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஈசிஜி எடுத்த டாக்டர், “ஒண்ணுமில்ல. குதிரை மாதிரி இருக்கார்” என்றார். அடுத்த முறை பெட்டியை எடுத்தபோதும் அதே அடைப்பு, அதே ஓட்டம், அதே குதிரை.

நடிப்பாக இருந்தால் டீச்சர் ஒரு பிடி பிடித்திருப்பார். வம்புக்காரப் பிள்ளைகளின் வயிற்றுவலியை எத்தனை பார்த்தவர்! ஆனால் இது நடிப்பில்லை. சட்டை தொப்பலாக நனைந்தது. உதடு வெளுத்தது. அவர் கை டீச்சரின் கையைத் தேடிப் பிடிக்கும்போது சில்லென்று இருந்தது. அந்தக் கையை எப்படி உதறுவது?

அதனால்தான் வீட்டிலிருந்தே ஏற்பாடு. ஒவ்வொரு கடையாகக் கூப்பிட்டு, நாள் பேசி, நோட்டீஸுக்கு வாசகம் எழுதி அனுப்பி, யார் வரவேற்பது, எந்தப் பக்கத்தை வாசிப்பது என்று எல்லாவற்றையும் டீச்சரே முடிவு செய்தார். நோட்டீஸின் அடியில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: எழுத்தாளர் காணொளி வழியே கலந்துகொள்கிறார்.

இதில் மீட்டர்காரர் செய்த ஒத்தாசை கொஞ்சநஞ்சமல்ல. படுக்கையறையில் முகத்தில் நிழல் விழாதபடி விளக்கு மாட்டிக் கொடுத்தார். போன் சரியாமல் நிற்க மரத்தில் ஒரு தாங்கி செய்தார். கூட்டம் ஆரம்பித்ததும் குக்கரை இறக்கிவைத்து, பக்கத்து வீட்டில் டிவியைக் குறைக்கச் சொல்லிவிட்டு, கதவுக்கு வெளியே காவல் உட்கார்ந்திருப்பார். முடிந்ததும் டீயோடு வந்து, “இன்னிக்கி ரொம்பப் பிரமாதம்” என்பார். டீச்சர் டீயை வாங்கிக் குடிப்பார். இப்படிப்பட்ட மனுஷன்மேல் எந்த மூஞ்சியோடு கோபப்படுவது? கதவு திறந்துதான் இருந்தது, தாழ்ப்பாள்கூடப் போடவில்லை. அதுதான் மூச்சு முட்டியது.

“டீச்சர், ஒரு தடவை நேர்ல வாங்களேன்” என்றார் கடைக்காரம்மா ஒருநாள். “எங்க கடைக்கு வர்றவங்க ஒரு கூட்டமா சேந்து உங்க நாவல வரி வரியாப் படிச்சிருக்காங்க. போன் திரையில உங்க மூஞ்சி பாதிதான் தெரியுது. அவங்க உங்களோட உக்காந்து பேசணும்கறாங்க.”

டீச்சர் மீட்டர்காரரிடம் சொன்னார். அவர் தயங்கவே இல்லை. “போயிட்டு வா. யாரு வேணாம்னா? தங்கச்சி வந்து எங்கூட இருப்பா.”

அவருடைய தங்கச்சி, அதாவது டீச்சரின் நாத்தனார், அடுத்த தெருவில் இருந்தார். வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடுகிற பெண்மணி. “அண்ணி, நீங்க நிம்மதியாப் போங்க. அண்ணன கட்டிலோட சேத்துக் கட்டிப்போட்டாவது பாத்துக்கறேன்” என்றார்.

கிளம்பும் அன்று மூவரும் காலையில் ரயில் நிலையத்துக்குப் போனார்கள். பெட்டியை மீட்டர்காரரே தூக்கி வந்தார். “தண்ணி எடுத்தியா? சார்ஜர் வெச்சியா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சிக்னல் விழுந்ததும் பேச்சு நின்றது. பெஞ்சில் உட்கார்ந்தார். நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. “ஒண்ணுமில்ல, நீ ஏறு” என்றார். வலது கை நெஞ்சுக்குப் போய்விட்டது.

ரயில் வந்து நின்றது. டீச்சர் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டார்.

“ஏறுங்கண்ணி! நானிருக்கேன்ல? அவருக்கு எப்பவும் வர்றதுதான். தைரியமா ஏறுங்க!” நாத்தனார் கத்தினார்.

எப்பவும் வருவதுதான். என்றைக்காவது ஒருநாள் எப்பவும் வராதது வந்துவிட்டால்? டீச்சர் காலை இறக்கினார். ரயில் நகர்ந்தது. அதன் ஜன்னல்களில் உட்கார்ந்திருந்த முகம் தெரியாத அத்தனை பேர்மீதும் அவருக்குப் பொறாமையாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் வழக்கம்போல ஒன்றுமில்லை. சாயங்காலம் வரை இருக்கட்டும் என்று ஒரு கட்டிலில் போட்டு, திரையை இழுத்துவிட்டார்கள். நாத்தனார் வீட்டுக்குப் போனார். டீச்சர் கடைக்காரம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். “எல்லாரும் வந்துருவாங்க டீச்சர். நான் என்ன சொல்லட்டும்?” என்றார் கடைக்காரம்மா.

“காணொளி வழியேன்னு சொல்லுங்க.”

ஆஸ்பத்திரி நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்து, போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு கூட்டம் நடத்தினார். வாசித்தார். கை தட்டினார்கள். பின்வரிசையில் தையற்காரப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

“டீச்சர், அந்த நில அளவைக்காரி போற எடமெல்லாம் நானே நடந்து போன மாதிரி இருந்துச்சு. நீங்க நெறைய ஊர் சுத்தினவங்களாத்தான் இருக்கணும். சொல்லுங்களேன், எங்கெங்க போயிருக்கீங்க?”

இதற்கு டீச்சரிடம் தயாராக ஒரு பதில் உண்டு. கற்பனைதான் என் வாகனம் என்பார், எல்லோரும் சிரிப்பார்கள். அன்று அது வாயில் வரவில்லை.

“நான் எங்கயும் போனதில்லம்மா” என்றார். “காலைல ரயில் படில ஒரு கால வெச்சேன். அதான் நான் போன தூரம். நான் கெளம்பினா என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு அடைச்சுக்குது. பொய் இல்ல, நெஜமாவே அடைக்குது. அவர் ரொம்ப நல்லவர். அவர் கெட்டவரா இருந்திருந்தா நான் எப்பவோ உங்க கடைக்கு வந்திருப்பேன்.” நிறுத்தியிருக்கலாம். நிற்கவில்லை. “ஒருநாள் துணி காயப்போடும்போது, இவர் போய்ச் சேந்தப்புறம் முதல்ல எந்த ஊருக்குப் போகலாம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். ஊரெல்லாம் வரிசையா வந்துச்சு. அப்புறம்தான் என்ன நெனச்சேன்னே எனக்கு ஒறைச்சுது.”

கடையில் அந்த ஃபேன் மட்டும் கடகடத்தது. தையற்காரப் பெண் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள். கடைக்காரம்மா ஏதோ சொல்லிக் கூட்டத்தை முடித்தார்.

கட்டிலை மறைத்த திரை மூன்றடி தள்ளித்தான் இருந்தது. டீச்சர் அதை விலக்கினார். மீட்டர்காரர் கண்ணை மூடவில்லை.

“கேட்டுச்சு” என்றார்.

“தெரியும்.”

“நான் வேணும்னு பண்ணல. எமன் வந்து நெஞ்சுமேல ஏறி உக்கார்ற மாதிரி இருக்கு.”

“அதுவும் தெரியுங்க. தெரிஞ்சதாலதான இங்க நிக்கிறேன்.”

“அடுத்த தடவ அடைச்சாலும் நீ ஏறிடு.”

“அடைச்சா எப்படிங்க ஏறுவேன்?”

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது. டீச்சர் அந்த முதுகில் கையை வைத்தார். எடுக்கவும் இல்லை, தடவவும் இல்லை.

வேலையிலிருந்த பெண் டாக்டர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கிளம்பும்போது மனநல மருத்துவர் ஒருவரின் பெயரைச் சொன்னார். “எனக்கென்ன பைத்தியமா?” என்று எகிறினார் மீட்டர்காரர். ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு தானாகவே சட்டையை மாட்டிக்கொண்டு, “வா, போலாம்” என்றார். பயமும் ஒரு நோய்தான், மருந்தும் உண்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக் குறைக்கவும் வழி உண்டு என்று அந்த மருத்துவர் சொன்னார். மனைவி இல்லாமல் முதலில் தெருமுனை வரை, பிறகு கடைவீதி வரை, பிறகு தங்கச்சி வீட்டில் ஒரு மத்தியானம் என்று நடைவண்டிக் குழந்தை மாதிரிப் பழகினார். சில நாள் பாதியில் திரும்பி ஓடி வந்தார். மறுநாள் மறுபடி போனார்.

மழைக்காலம் முடிந்த பிறகு, பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் சின்னப் புத்தகக் கடை ஒன்றில் டீச்சர் கூட்டம் ஏற்பாடு செய்தார். இம்முறை நோட்டீஸில் அந்தக் கடைசி வரி இல்லை. மீட்டர்காரர் தங்கச்சி வீட்டு வாசலில் நின்று கையசைத்தார். முகம் வெளிறித்தான் இருந்தது. ஆனால் நின்றார்.

கடையில் புதுக் காகித வாசனை. முதல்முறையாக டீச்சர் வாசகர்களின் முழு உருவத்தையும் பார்த்தார். ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார், ஓர் அம்மா மடியில் தூங்கும் குழந்தையோடு வந்திருந்தாள். டீச்சர் வாசிக்கத் தொடங்கினார். பாதிப் பக்கத்தில் கண் தானாக மேசைமேல் இருந்த போனுக்குப் போனது. அது அழைக்கவில்லை. ஏன் அழைக்கவில்லை? விழுந்திருப்பாரோ? நாத்தனார் சொல்லாமல் மறைக்கிறாரோ? பெரியவர் ஏதோ கேட்டார். அது டீச்சரின் காதில் விழவில்லை. இரண்டாவது முறை கேட்டதும், ஏதோ ஒரு பதில் சொன்னார். உள்ளங்கை ஈரமாகிவிட்டது. மார்புக்கூட்டை யாரோ கயிறு போட்டு இறுக்குவது போலிருந்தது. “மன்னிச்சுக்கங்க, ஒரு அவசரம்” என்று எழுந்து, கையெழுத்துக்காக நீட்டிய புத்தகங்களைத் தாண்டி, பேருந்து நிலையத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

நாத்தனார் வீட்டில் அண்ணனும் தங்கச்சியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் ஏதோ பழைய குறும்பைச் சொல்ல, மீட்டர்காரர் புரையேறும் அளவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். வாசலில் மூச்சு வாங்க நின்ற மனைவியைப் பார்த்ததும் அவர் கை தட்டிலேயே நின்றது.

“என்ன, அதுக்குள்ள வந்துட்ட? கூட்டம் நடக்கலியா?”

“நடந்துச்சு” என்றார் டீச்சர். “சீக்கிரம் முடிஞ்சிடுச்சு.”

நாத்தனார் இன்னொரு தட்டை எடுத்து வைத்தார். டீச்சர் உட்கார்ந்தார். மீட்டர்காரர் தங்கச்சி விட்ட இடத்திலிருந்து பழைய கதையைத் தொடர்ந்தார். எல்லோரும் சிரித்த இடத்தில் டீச்சரும் சிரித்தார்.