அனுப்பாமல் விட்ட மூன்று நாள்

எங்கள் அப்பா அக்காவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ‘மேளம்’ என்பார். தட்டு, ஜன்னல் கம்பி, என் முதுகு என்று கைக்கு எது எட்டினாலும் தாளம் போட்டுவிடுவாள். எனக்கு ராக் பாட்டுப் பைத்தியம் பிடிக்கவைத்ததும் அவள்தான். அதிலும் ஸ்டுடியோவில் பதிவு செய்தது அவளுக்கு ஆகாது.

“அது குளிச்சு, பவுடர் பூசி, போட்டோவுக்கு நிக்கற பாட்டுடா. மேடையில பாடறதுதான் நெஜம். மூச்சு வாங்கும், தப்பு வரும், ஜனம் கத்தும்” என்பாள்.

வளர்ந்து நான் லிஃப்ட் மெக்கானிக் ஆனேன். அவள் செயற்கைப் பல் செய்யும் லேபில் சேர்ந்தாள். ஊரில் பாதிப் பேர் சிரிப்பது தன் புண்ணியத்தில் என்று பீற்றிக்கொள்வாள். கல்யாணம் வேண்டாம் என்று அம்மாவோடு இருந்துவிட்டாள்.

அவளுடைய வலது காது மந்தமானபோது, பல் தேய்க்கிற கிரைண்டர் சத்தம்தான் காரணம் என்று நினைத்தோம். பஞ்சு வைத்துக்கொண்டு வேலை பார்த்தாள். அந்தக் காது சுத்தமாக அடைத்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். இரண்டு பக்கமும் காது நரம்பில் கட்டி.

“ரெண்டு கட்டியையும் எடுத்தாகணும். இடது பக்கத்ததை எடுத்தா அந்தக் காதும் போயிடும். எடுக்காம விட்டா மூளையை அழுத்தும்” என்றார் டாக்டர். “இப்போதைக்கு மெதுவாத்தான் வளருது. ஒரு வருஷம் பாக்கலாம். அதுக்கு மேல தள்ளக்கூடாது.”

வெளியே வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து அக்கா விரல் விட்டு ஏதோ கணக்குப் போட்டாள். அழுவாள் என்று கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்தேன்.

“ஒரு வருஷம்னா முந்நூத்தி அறுபத்தஞ்சு பாட்டுடா. தெனம் ஒண்ணு அனுப்பு. லைவ் மட்டும். உனக்கு உசுரா பிடிச்சதா இருக்கணும். சும்மா ஒப்பேத்தக்கூடாது.”

“அத்தனைக்கு நான் எங்க போவேன்?”

“தேடு. வேற என்ன வெட்டி முறிக்கற?”

மறுநாளிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு ஒன்று அனுப்பினேன். லேபுக்குப் போகிற பஸ்ஸில் கேட்டுவிட்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பதில் போடுவாள். ‘டிரம்ஸ்காரனுக்கு வீட்ல ஏதோ அவசரம் போல.’ ‘பாடறவனுக்கு ஜலதோஷம், ஆனா மனசு சுத்தம்.’ ‘இது போன மாசம் அனுப்பின ஆளோட தம்பி மாதிரியே கத்துறான், வேற அனுப்பு.’ ஒருநாள், கொட்டுகிற மழையில் நடந்த கச்சேரி ஒன்றை அனுப்பினேன். பாதிப் பாட்டில் கரண்ட் போய்விடும். மைக் இல்லாமல், கிட்டார் இல்லாமல், மீதிப் பாட்டை நனைந்துகொண்டே ஜனங்கள் பாடி முடிப்பார்கள். அன்றைக்கு அக்காவின் பதில்: ‘ரெண்டு ஸ்டாப் தள்ளி இறங்கி நடந்து வந்தேன். மேனேஜர் திட்டினார். பரவாயில்ல.’

அந்தப் பாட்டை நானே பாடின மாதிரி அன்று முழுக்க ஒரு கர்வம் எனக்கு.

எட்டாவது மாத ஸ்கேனில் கட்டி பெருத்திருந்தது. சீக்கிரம் எடுத்துவிடுவது நல்லது என்றார் டாக்டர். அக்கா அசைந்து கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டு அடுப்படியில் வைத்து அவளைப் பிடித்தேன்.

“தேதி வாங்கு. எத்தனை நாள் சாக்கு சொல்லுவே?”

“இன்னும் நாலு மாசம் பாக்கி இருக்குடா.”

“பாட்டுக்காக உசுரை விடுவியா? உனக்கு ஒண்ணு ஆனா அம்மாவை யாரு பாத்துப்பா?”

“உனக்குக் காது ரெண்டும் நல்லாருக்கு. நீ பேசுவே” என்றாள். வெங்காயம் அரிந்த கை நிற்கவே இல்லை.

எனக்குச் சுருக்கென்றது. “சரி. நீ தேதி வாங்கற வரைக்கும் இனிமே பாட்டு கிடையாது. பாக்கலாம் யாரு ஜெயிக்கறான்னு.”

திங்கள் அனுப்பவில்லை. செவ்வாயும் இல்லை. அவளும் கேட்கவில்லை. அவளுக்குப் பிடிவாதம் என்றால் எனக்கு மட்டும் இல்லையா? ஒரே வயிறுதானே. ஆனால் பாட்டு தேடுவதை நான் நிறுத்தவில்லை. அந்தந்த நாளுக்கு ஒன்று எடுத்து வைத்தேன். புதன்கிழமை எடுத்தது சின்ன ஹாலில் யாரோ ஃபோனில் பிடித்தது. பேர் தெரியாத நாலு பேர். அக்கா கேட்டால் துள்ளுவாள் என்று தெரியும். அனுப்பும் பட்டன்மேல் விரலை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டேன்.

வியாழன் காலை அவளிடமிருந்தே செய்தி வந்தது. ‘நேத்து சாயங்காலம் ஃபோன் பண்ணி தேதி வாங்கிட்டேன். வர்ற இருபதாம் தேதி. இப்போ சந்தோஷமா? நாலு நாள் பாக்கியும் சேத்து அனுப்பு.’

நான் இருந்தது ஒரு பதினோரு மாடிக் கட்டடத்தின் மேலே, லிஃப்ட் மோட்டார் அறையில். கிரீஸ் கையோடு நாலையும் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

‘ஹெட்போன் கெட்டுப்போச்சு போலடா. சத்தமே வரல.’

பிறகு: ‘பக்கத்துல இருக்கற பொண்ணோடதை வாங்கிப் போட்டேன். அதுலயும் வரல.’

பிறகு: ‘காலையில வீடு ரொம்ப அமைதியா இருந்துச்சு. அம்மா கோவமா இருக்காங்கன்னு நெனச்சேன். இங்க கிரைண்டர் சுத்துது. கண்ணுக்குத் தெரியுது.’

டூல் பையை அங்கேயே போட்டுவிட்டு, லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் பதினோரு மாடியும் படியில் ஓடி இறங்கினேன்.

திடீரென்று இப்படி ஆவதும் உண்டு என்றார் டாக்டர். ஊசி போட்டுப் பார்த்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். கேட்கும் சக்தி திரும்பவில்லை. இருபதாம் தேதி ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. உயிருக்கு இனிப் பயமில்லை என்றார்கள். அம்மா கும்பிட்ட கையை இறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா சொன்னாள், “பாட்டு அனுப்பறதை நிறுத்தாதே. எழுதி அனுப்பு. நான் படிச்சுக்கறேன்.” தன் குரல் தனக்கே கேட்காததால் கத்தினாள். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

எழுதினேன். எனக்கு எழுத வருமா? லிஃப்ட் சர்வீஸ் ரிப்போர்ட் மாதிரி இருந்தது. ‘முதல் நிமிடம் டிரம்ஸ் மட்டும். ஒன்றரை நிமிடத்தில் கிட்டார் சேர்கிறது. ஜனங்கள் விசில் அடிக்கிறார்கள்.’ பழைய பாட்டாக இருந்தால் அவள் கட்டில் சட்டத்தில் சரியாகத் தாளம் போடுவாள். புதிதாக இருந்தால் காகிதத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பதினெட்டு நாள் அப்படிப் போயிற்று. பத்தொன்பதாம் நாள் நான் நீட்டிய காகிதத்தை அவள் வாங்கவில்லை.

“போதும்டா. படிக்கறப்போ கேக்கணும்னு ஆசை வருது. தாங்க முடியல.”

அந்தக் காகிதத்தையே திருப்பி, இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்ததை எழுதினேன். ‘அந்த மூணு நாள் நான் அனுப்பியிருக்கணும்.’

படித்தாள். காகிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அனுப்பியிருந்தாலும் காது போயிருக்கும். நீ பிடிவாதம் பிடிக்கலேன்னா தேதியும் இவ்ளோ சீக்கிரம் கெடச்சிருக்காது” என்றாள். பிறகு, முதல்தடவையாகக் குரலை அடக்கி, கிட்டத்தட்ட பழைய அக்கா மாதிரியே சொன்னாள்: “ஆனா மூணு பாட்டு கேட்டிருப்பேன்டா. அது இல்லேன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்.”

நான் தலையாட்டினேன். அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேன். நான் அழுவது அவளுக்குக் கேட்கவில்லை. தோள் குலுங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் தலையில் கை வைத்தாள்.