நாலாவது சக்கரத்துக்கு பிரேக் ஆயில்

"உனக்குக் கத்தத் தெரியுமா?" என்று சைகல் அண்ணி என்னிடம் கேட்டாள். தெரியாது என்பதைக்கூட நான் தலையாட்டித்தான் சொன்னேன். கரும்பலகை முன்னால் நின்று பதில் சொல்ல வாய் வராமல் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான்.

அண்ணன் ரஷ்யாவில் வேலை செய்கிறான். அவன் விட்டுப்போன பழைய காரில் அண்ணிதான் கணவாய் தாண்டித் தலைநகர் பிஷ்கேக்குக்கு ஆள் ஏற்றிப் போகிறாள். புகுந்த வீட்டார் பேரை மருமகள் சொல்லக் கூடாது என்பதால் எனக்கு வானம்பாடி என்று பேர் வைத்திருந்தாள். வாய் திறக்காதவளுக்கு வைத்த பேர். மாமனார் சொல்வதை மறுத்துப் பேசவும் கூடாது. இதுவரை அவள் மறுத்ததில்லை.

போன வாரம் கணவாய் இறக்கத்தில் பிரேக் பெடல் தரைவரை போய்விட்டது. கியரைக் குறைத்துக் குறைத்து, வண்டியை ஒரு மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினாளாம். ஆறவிட்டு, ஊர்ந்தபடி வீடு வந்தாள். நாளைக் காலை அதே பாதையில், ஒரு கண் மங்கிப்போன அப்பாவைக் கண் ஆபரேஷனுக்கு அழைத்துப் போக வேண்டும்.

வண்டியைத் தூக்கி, அடியில் கட்டை கொடுத்து, முன்சக்கரத்தைக் கழற்றினாள். பிரேக் பேட்டைப் பிடித்திருக்கும் காலிப்பரைக் கம்பியால் தூக்கிக் கட்டினாள். "குழாய்ல தொங்கவிட்டா அது நொந்துபோயிடும்." பழைய பேட் என் நகத்தின் கனம்கூட இல்லை. புதுசுக்கு இடம் கிடைக்க, அதையே பிஸ்டன்மேல் வைத்து, கிளாம்ப் போட்டு மெல்ல உள்ளே தள்ளினாள். புதுப் பேட்டின் உரசும் பக்கத்தில் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துப் பொருத்தினாள். குதிரையை அடக்கும் கை அது. இன்றைக்கு முட்டையை எடுப்பதுபோல் நடந்துகொண்டது.

படியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த அப்பா சொன்னார்: "மருமக மாட்டின சக்கரம் தனியா பிஷ்கேக் போய்ச் சேரும். நாம பின்னால நடக்கணும்."

"வானம்பாடி," என்றாள் அண்ணி தாழ்ந்த குரலில், "மாமாவோட நல்ல பூட்ஸை எடுத்து வை."

பேட் முடிந்து ஆயில் மாற்றும் வேலை வந்தது. பழையது கறுப்புத் தேநீர்போல இருந்தது.

"இது காத்துலேருந்து தண்ணி குடிக்கும். இறக்கத்துல பிரேக் சுட்டா அந்தத் தண்ணி கொதிச்சு ஆவியாகும். அப்புறம் நீ மிதிக்கிறது வெறும் ஆவியைத்தான்," என்றாள் அண்ணி.

நான் பெடலில் கால் வைத்து உள்ளே உட்கார்ந்தேன். அண்ணி பின்சக்கரத்தருகே படுத்தாள். அமுக்கியதும் நான் கத்த வேண்டும், அவள் பழைய ஆயில் வெளியேறும் திருகைத் திறந்து மூடுவாள், மூடியதைச் சொல்லும்வரை காலை எடுத்தால் காற்று உள்ளே போய்விடும். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"அமுக்கிட்டேன்," என்றேன்.

"கோழிக்குஞ்சா பேசுது? நான் இந்தக் கோடியில கிடக்கேன்டி."

மூன்றாம் சக்கரத்தில் என் குரலுக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "இப்பதான் வானம்பாடி," என்று சிரித்தாள். மட்கார்டில் சிந்திய ஆயில் சொட்டின்மேல் உடனே தண்ணீர் ஊற்றினாள். விட்டால் பெயின்ட்டைத் தின்றுவிடும்.

நாலாவது சக்கரத்தில் புது ஆயில் பாட்டில் தீர்ந்துபோனது. அப்பா கொட்டகைக்குப் போய், போன வருஷம் திறந்த அரை பாட்டிலைக் கொண்டுவந்தார்.

"இந்தா. ஊத்தி முடி."

அண்ணி எழுந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மூடியில் வைத்த விரல் அப்படியே நின்றது. அவள் அவரைப் பார்க்கவில்லை. வண்டிக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

பெடலிலிருந்து காலை எடுக்காமல் கத்தினேன்.

"அப்பா, அது வேண்டாம். திறந்து ஒரு வருஷமாச்சு, தண்ணி குடிச்சிருக்கும். நாளைக்கு அந்த இறக்கத்துல போகப்போறது நீங்க."

நாய் மறுபடி குரைத்தது. அப்பா மங்கலில்லாத கண்ணால் என்னைப் பார்த்தார். அண்ணி கையிலிருந்த பாட்டிலைத் திரும்ப வாங்கிச் சுவரோரம் வைத்தார். காலியான புது பாட்டிலை, கடைக்காரனிடம் காட்டுவதற்காகக் கோட்டுப் பையில் செருகினார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வாசல் கதவைத் திறந்து, நெடுஞ்சாலைக் கடைப்பக்கம் நடந்தார்.