எட்டு லிங்கமும் சுற்றிய பட்டாம்பூச்சி

மார்கழிக் குளிருக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சகாதேவன் பழைய ஆல்பத்தைப் பிரித்தார். பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு பகலில் அண்ணாமலையைச் சுற்றிக் கிரிவலம் போனபோது, எட்டு லிங்கங்களின் வாசலிலும் இடத்துக்கொன்றாக அவர் எடுத்த பட்டாம்பூச்சிப் படங்கள் அதில் இருந்தன.

"எட்டும் ஒரே பூச்சி. என்கூடவே மலையச் சுத்திச்சி" என்று அன்றிலிருந்து ஊரெல்லாம் சொல்லிவந்தார். சுத்தப் புளுகு என்று அவருக்கே தெரியும். ஆனாலும் மனைவி வெள்ளையம்மாள் ஒரு தடவையாவது நம்பிவிட மாட்டாளா என்று நெடுநாள் ஆசை.

"இந்த ஜென்மத்துல ஒரு நிஜம் சொல்லுவியாய்யா?" என்றபடி அவள் பூதக்கண்ணாடியோடு குனிந்தாள். அடுத்த நொடி கத்தினாள்.

"யோவ்! இந்திர லிங்கத்துல இடது றெக்க கிழிஞ்சிருக்குது. ஈசானியத்துலயும் அதே கிழிசல்!"

சகாதேவன் கண்ணாடியைப் பிடுங்கிப் பார்த்தார். எட்டிலும் எலி கடித்தாற்போல அதே கிழிசல். தன் புளுகு நிஜமாகிவிட்டதா என்று மறுபடியும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகத்தில் மட்டும் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

"அப்பவே சொன்னனே."

"பதினாலு கிலோமீட்டரு எப்டிய்யா தாங்குச்சி?"

"பாதி வழில, அடி அண்ணாமலை ஊர்ல நின்னு டீ குடிச்சிச்சி."

வெள்ளையம்மாள் சிரிக்கவில்லை.

"சக்கர போட்டா, போடாமயா?" என்று கேட்டாள்.