தெருவைக் கடந்த மொசைக் தரை

1998 மார்ச் 9, திங்கட்கிழமை. காற்றில்லை, புழுதி மூடிய வானம், தகரக் கூரைகள் அடுப்பாகக் காய்ந்தன. அன்று முற்பகலில், நைஜீரியாவின் இபாதான் நகரில், ஓகே-ஆடோ பகுதியில், திருவாளர் அடெகோகேயின் கூடத்து மொசைக் தரை எழுந்து வாசல் வழியே வெளியேறியது.

அத்தரையை 1961-இல் போட்டவர் அவருடைய தந்தை. அவர் இறந்தபோது, எங்கள் வழக்கப்படி, கூடத்திலேயே புதைத்து, மேலே அதே கல்லும் சிமெண்டும் கலந்து பூசித் தேய்த்தோம். அத்தனை ஆண்டுகளில் தரை கேட்டது ஈரத்துணியும் எப்போதாவது மெழுகும் மட்டுமே. கோடையிலும் அங்கே விசிறி தேவைப்பட்டதில்லை. இத்தகைய தரை தம் தகுதிக்குக் குறைவென்று அடெகோகே கண்டுபிடித்தார். பத்தாம் ஆண்டு நினைவு விருந்துக்குப் பளபளக்கும் டைல்ஸ் வேண்டுமாம். பெற்ற தகப்பன்மேல் உளி வைக்கச் சொன்ன மேதை எங்கள் தெருவில் இவர் ஒருவரே.

எதிர்க் கொட்டகையில் ‘யாம்’ கிழங்கு மாவுக் களி விற்ற தங்கை அபேகே ஓடிவந்தாள். வீட்டில் பங்கு கேட்காதவள். தந்தையின் பக்கத்தில் அவ்வப்போது உட்கார மட்டும் கேட்டு, அதுவும் மறுக்கப்பட்டவள்.

“அண்ணே, அப்பா நெஞ்சு மேலயா உளி வைக்கிற?”

“அப்பாவுக்கும் புதுசு புடிக்கும். நீ போயி களியக் கிண்டு.”

முதல் அடி விழுந்ததும் தரை எழுந்தது. கல்லறையையும் சுமந்துகொண்டு, ஒரு கீறலின்றித் தெருவைக் கடந்தது. வாடகைக்கார் ஓட்டுநர் ஒருவர், “பாத்துப் போங்க பெரியவரே!” என்று வழிவிட்டார். கொட்டகையில் இடம் போதாமையால், தகரச் சுவரைச் சற்றே தள்ளிவிட்டுத் தரை படுத்துக்கொண்டது.

அடெகோகே டைல்ஸ் ஒட்டினார். அது கொதித்தது, ஏசி வாங்கினார். மின்சாரம் வராததால் ஜெனரேட்டர், அதற்குப் பெட்ரோல், பெட்ரோலுக்குப் பாதி ஆயுள் வரிசையில். டைல்ஸ் இரண்டு முறை விரிசல் விட்டது, இரண்டு முறையும் மாற்றினார். இதற்குப் பெயர் அந்தஸ்து.

பதினைந்தாம் ஆண்டு விருந்தில் ஜெனரேட்டர் நின்றது. வழக்கப்படி எல்லோரும் ஒரே ரகத் துணியில் உடை தைத்து வந்திருந்த விருந்தினர், தட்டுகளோடு ஒவ்வொருவராக எதிரே போய்க் குளிர்ந்த தரையில் அமர்ந்தனர். கடைசியில் அடெகோகேயும் வந்தார், வியர்வையில் நனைந்த பேரங்கியோடு.

“செருப்ப வெளிய விடு அண்ணே. அப்பா தூங்குறாரு,” என்றாள் அபேகே.

விட்டார். தந்தையின் பக்கத்தில் படுத்தார். எவரும் வியக்கவில்லை, களி பரிமாறப்பட்டது. அவருடைய முதல் குறட்டை கேட்டபோது பிற்பகல் மணி மூன்று நாற்பது.