நாற்பத்தோராம் பக்கத்துக் கிணறுகள்

ஒஸ்வால்ட் புரூப் கட்டை மேசையில் போட்டார்.

"மாஸ்டர், உங்கட கம்பஸ் ஆக்கள் ஒருத்தர் நண்டு எண்ணுறார், ஒருத்தர் பிள்ளையளின்ர சூத்தைப் பல்லு எண்ணுறார். அங்க சண்டை எண்டுதானே பேப்பரில போடுறான்?"

"சண்டைக்குள்ளதான் எண்ணினவை."

"எண்ணிச் சல்லி வருமோ?"

"இல்லை."

அவர் சிரித்தார். கொட்டாஞ்சேனையில் கல்யாணக் கார்டும் கோயில் திருநாள் நோட்டீசும் அடிக்கிறவர். எங்கள் புத்தகத்தை வேறு அச்சுக்கூடங்கள் எடுக்கவில்லை. வடக்கிலிருந்து வந்த கடதாசிக் கட்டு என்றாலே கையை எடுத்துவிட்டார்கள்.

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு. எங்கள் பல்கலைக்கழகத்தில் கடதாசியும் இல்லை, மின்சாரமும் இல்லை. அந்த ஆண்டு ஆய்வு மாநாட்டை வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் வைப்பதென்று முடிவாகியிருந்தது. எல்லாத் துறைகளின் ஆய்வுச் சுருக்கங்களும் ஒரே புத்தகமாக வரவேண்டும். கையெழுத்துப் பிரதிகள் கப்பலில் வந்தவர்களின் பைகளில் வந்தன. பல, சோதனைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதப்பட்டவை. வெங்காய அழுகல், பனங்கட்டி, முகாம் பிள்ளைகளின் எடை, மண்ணெண்ணெய்க் குளிர்ப்பெட்டியில் வளர்த்த நுண்ணுயிர். நான் புள்ளிவிபரவியல் உதவி விரிவுரையாளன். கொழும்பில் அகப்பட்டிருந்ததால் புரூப் பார்க்கும் வேலை எனக்கு வந்தது.

வேலை நல்லது. வெள்ளவத்தை அறையில் என்னால் இருக்க முடியவில்லை. இருந்தால் எழும்பினேன். எழும்பினால் கடற்கரைத் தண்டவாளம் வரை நடந்தேன். அங்கே நின்றால் காவலுக்கு நிற்பவன் பார்ப்பான். திரும்பி வந்து கொட்டாஞ்சேனை பஸ் எடுப்பேன்.

"நாற்பத்தோராம் பக்கம் பாருங்க," என்றார் ஒஸ்வால்ட். "மாஸ்டர் கிணறும் தோண்டுறீங்களோ? சொல்லவே இல்லை."

பார்த்தேன். குடிநீர்க் கிணறுகளில் நைத்திரேற்று. எழுதியவர்களில் முதல் பெயர் எஸ். குகநேசன், புள்ளிவிபரவியல். நிகழ்ச்சி நிரலிலும் அதே பெயர். வாசிப்பவர் வருகிறார் என்ற குறியும் இருந்தது.

அது என் கட்டுரை அல்ல. என் மனைவி சிவரூபியின் கட்டுரை.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் என் பெயரைத் தன் பெயருக்குப் பின்னால் எழுதினாள். எங்களில் அதுதான் வழக்கம். என் தகப்பன் சபாரத்தினம். ஆகவே ஆங்கிலத்தில் நானும் எஸ். குகநேசன், அவளும் எஸ். குகநேசன். அவளுக்கு வரும் கடிதத்தை நான் உடைப்பேன். "என்ர கடிதத்தை வாசிச்சு முடிஞ்சுதோ?" என்று கேட்பாள். அவள் முன்பே கொடுத்திருந்த கட்டுரைக்கு மாநாட்டுச் செயலாளர் உயிரோடு இருக்கிற குகநேசனின் துறையைப் போட்டுவிட்டார்.

சிவரூபி வன்னியில் இடம்பெயர்ந்திருந்தபோது மலேரியாக் காய்ச்சலில் செத்துப்போனாள். அதை நான் யாருக்கும் இப்படிச் சொன்னதில்லை. வீட்டுக்காரி பாக்கியலெட்சுமி அக்கா, வீட்டில் இருப்பவர்களின் பொலிஸ் பதிவுக்காக, "தம்பி, மிஸிஸ் எங்க?" என்று கேட்டபோது "வன்னியில" என்றேன். அது பொய்யும் அல்ல.

"திருத்தவேணுமோ?" என்றார் ஒஸ்வால்ட்.

"வேணும். பேராசிரியரிட்டக் கேட்டிட்டு வாறன்."

பஸ்ஸை இரண்டு இடத்தில் மறித்தார்கள். இரண்டாவது இடத்தில் எல்லோரையும் இறக்கினார்கள். "கொஹெத யன்னே?" என்று அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டான் ஒருவன். எங்கே போகிறாய் என்றால் எனக்கு உடனே பதில் வருவதில்லை. "வெள்ளவத்த," என்றேன். விட்டான்.

பேராசிரியர் விசுவலிங்கம் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் மகள் வீட்டில் இருந்தார். மாநாட்டுத் தலைவர், புத்தகத்தின் பதிப்பாசிரியர், விவசாயம் படிப்பித்தவர். ரயில் போகும்போது அந்த வீட்டில் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருக்கவேண்டும்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"விதி தெரியும்தானே உமக்கு?"

தெரியும். எழுதியவர்களில் ஒருவராவது வந்து மேடையில் வாசிக்கவேண்டும். வராவிட்டால் புத்தகத்தில் இடமில்லை.

"முந்தி எல்லாத்தையும் போட்டனாங்கள்," என்றார். "வெளிநாட்டுக்குப் போனவை பேப்பரை அனுப்பிப்போட்டு அங்கயே இருந்திட்டினம். வாசிக்க ஆளில்லாமல் நான் மேடையில மணியோட இருந்தனான். கேள்வி கேக்க ஒருத்தருமில்லை. கேள்வி கேக்காத ஆராய்ச்சி என்ன ஆராய்ச்சி? அதுக்குத்தான் இந்த விதி. சிவரூபியோட எழுதின மற்றவர் எங்க?"

"கனடா."

"பாத்தீரோ."

ரயில் வந்தது. காத்திருந்தோம்.

"திருத்தினா நான் அந்தப் பக்கத்தை எடுக்கவேணும்," என்றார். "ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடவேணும். திருத்தாட்டி பேப்பர் புத்தகத்தில போகும். சனம் திரும்ப ஊருக்குப் போகுது. போத்தில்பால் குடிக்கிற குழந்தையளுக்கு அந்தக் கிணத்துத் தண்ணியில பால்மா கரைச்சுக் குடுத்தா நீலம் பாரிக்கும். டொக்டர்மாருக்கு அது தேவை. நீர் வாசியும்."

"அவளின்ர பேர்?"

"அதில இருக்கிறது அவவின்ர பேரும்தானே."

"வாசிக்கிறவை என்னைத்தான் நினைப்பினம்."

"நினைக்கட்டும். தண்ணி குடிக்கிற பிள்ளை உம்மட பேரைக் கேட்டே குடிக்குது?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. மகள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். குடிக்காமல் எழும்பிவிட்டேன்.

அடுத்த நாள் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ஒஸ்வால்ட்டிடம் நானே திருத்தச் சொல்லலாம் என்று போகும் வழியெல்லாம் நினைத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"பேராசிரியர் போன் பண்ணினவர் மாஸ்டர். அப்படியே அடிக்கச் சொன்னவர். நான் தொடமாட்டன், கோவிக்கவேணாம்."

"கோவம் இல்லை."

"முகம் அப்படி இல்லையே."

மெஷின் ஓடியது. நாற்பத்தோராம் பக்கம் விழுந்து விழுந்து அடுக்கானது. நின்று பார்க்க முடியவில்லை. ஜிந்துப்பிட்டி வரை நடந்து, முருகன் கோயில் வாசலில் நின்றுவிட்டு, உள்ளே போகாமல் திரும்பினேன்.

மாநாட்டன்று மண்டபம் பாதி நிரம்பியிருந்தது. ஒஸ்வால்ட் புத்தகக் கட்டுகளோடு வாசலில் இருந்தார். அச்சு மை மணம் அடங்கவில்லை. நண்டுக்காரர் வாசித்தார். பற்சூத்தைக்காரி வாசித்தாள். பேராசிரியர் மணியடித்து மணியடித்து இறக்கினார். பிறகு என் பெயரைச் சொன்னார். எங்கள் பெயரை.

மைக்கின் முன்னால் நின்றேன்.

"இது என்ர கட்டுரை இல்லை," என்றேன். "நான் கணக்குப் பார்த்துக் குடுத்தனான், அவ்வளவுதான். எழுதினது என்ர மனைவி சிவரூபி. அவ போன வருஷம் வன்னியில செத்துப்போனா. விதிப்படி இது புத்தகத்தில வந்திருக்கக் கூடாது."

யாரோ தொண்டையைச் செருமினார்கள். பேராசிரியர் மணியின் மேல் கையை வைத்தார். அடித்தால் இறங்கவேண்டும். அடிக்கவில்லை.

வாசித்தேன். வேகமாக வாசித்தேன். எண்கள் எனக்குத் தெரிந்தவை, அவற்றில் தடுக்கவில்லை. முடிந்ததும் முன்வரிசையில் சேலை கட்டிய ஒரு குழந்தைநல வைத்தியர் எழும்பினார்.

"உங்கட அட்டவணையில கிணறுகளுக்கு இலக்கம்தான் இருக்கு. நான் அடுத்த மாதம் அங்க போறன். தாய்மாருக்கு எந்தக் கிணறு எண்டு சொல்லுறது?"

தெரியாது, எழுதியவருக்குத்தான் தெரியும் என்று சொல்ல வாய் எடுத்தேன். அப்போது சைக்கிள் ஞாபகம் வந்தது. போத்தல்கள் கூடையில், சிவரூபி பாரில், நான் உழக்கினேன். ஒவ்வொரு கிணற்றிலும் அவள் வாளியை இறக்கினாள், நான் இலக்கம் ஒட்டினேன். பசை காயும் முன் போத்தலைப் பிடிக்காதே என்று பேசுவாள்.

"முதலாவது, புகையிலைத் தோட்டத்துக்கு நடுவில, தண்ணி இறைக்கிற சூத்திரம் பூட்டின கிணறு. கூடாது," என்றேன். "இரண்டாவது, வாசகசாலைக்குப் பின்னால. இரண்டு பப்பா மரம் நிக்கும். அது நல்லது. மூண்டாவது, வெங்காயத் தறைக்குப் பக்கத்தில. அந்த வீட்டுக்காரி எங்களுக்கு மோர் தந்தவ. கிணறு கூடாது. மோரும் அந்தத் தண்ணிதான், சிவரூபி குடிச்சிட்டு எனக்குக் கண்ணைக் காட்டினவ."

சிலர் சிரித்தார்கள். வைத்தியர் சிரிக்காமல் எழுதிக்கொண்டிருந்தார். நான் நிறுத்தவில்லை. பாதை, படலை, கட்டு உடைந்த கிணறு, நாய் கட்டியிருந்த கிணறு. நேரம் தாண்டியது எனக்குத் தெரிந்தது. பேராசிரியருக்கும் தெரிந்தது. கடைசிக் கிணற்றைச் சொன்ன பிறகு சொல்ல ஒன்றும் இல்லை. அப்போதுதான் மணியடித்தார்.

தேத்தண்ணி இடைவேளையில் என்னிடம் வந்தார்.

"என்னை மேடையில வைச்சு மடக்கிப்போட்டீர்."

"ஓம் சேர்."

"விதியை அடுத்த வருஷம் பாப்பம்." வாசலைப் பார்த்தார். "ஒஸ்வால்ட், ஒரு பிழைதிருத்தத் துண்டு அடிக்கலாமோ? பின்னேரத்துக்குள்ள?"

"பேப்பர் வெட்டுத்துண்டு கிடக்கு சேர். அடிக்கலாம்."

"புத்தகம் ஒண்டும் இப்ப குடுக்கவேணாம். ஒட்டிப்போட்டுக் குடும்." என்னைப் பார்த்தார். "நீர் ஒட்டும்."

ஒஸ்வால்ட் போய் வந்தார். ஒரு விரல் அகலத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஆங்கிலத்தில் ஒரு வரி. அடிக்கப் போகும் முன் என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டிருந்தார்.

"மாஸ்டர், மிஸிஸின்ர பேர் முழுசாப் போடுறன். முன்னால காலஞ்சென்ற எண்டும் வேணுமோ? வேணாமெண்டா விடலாம்."

"போடுங்க," என்றேன்.

மண்டபத்தின் பின்னறையில் நிலத்தில் இருந்து ஒட்டினேன். ஒஸ்வால்ட் பக்கத்தைத் திறந்து பிடித்தார். நான் பசை பூசினேன். வெளியே மரமுந்திரிகைக்காரர் வாசித்துக்கொண்டிருந்தார், இரண்டு தரம் மணியடித்தும் இறங்கவில்லை. முதல் கட்டு முடிந்ததும் ஒஸ்வால்ட் புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப் போனார்.

"பொறுங்க," என்றேன். "காயட்டும்."